விடுதி ஈமெயிலைத் தம்பியின் போனுக்குத் திருப்பிவிடும் முன்

மே பிறந்துவிட்டால் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் விடுதி நடத்துபவர்களுக்கு மெயில் பார்க்க நேரம் கிடைக்காது. அறை கேட்டவருக்குப் பதில் போகப் பிந்தினால் ஆள் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவார். அதனால் வருகிற மெயில் எல்லாம் வரவேற்பில் நிற்கும் தம்பியின் போனுக்கும் போகட்டும் என்று ஃபோர்வேர்ட் போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மெயிலை உங்கள் போனிலேயே பார்ப்பதுதான் தேவை என்றால் ஃபோர்வேர்டே வேண்டாம். ஜீமெயில் செயலியில் அந்தக் கணக்கைச் சேர்த்தால் சரி. கணினியில் வாசித்தது போனிலும் வாசித்ததாகக் காட்டும். ஃபோர்வேர்ட் என்றால் ஒரு பிரதி வேறு முகவரிக்குப் போகிறது, அவ்வளவுதான். அங்கே பதில் போட்டார்களா, அழித்தார்களா என்று இங்கே தெரியாது. இருவரும் ஒரே விருந்தாளிக்கு வேறு வேறு விலை சொல்லும் கூத்து இப்படித்தான் நடக்கிறது.

இருப்பதிலேயே மோசமான பிழை, எல்லா மெயிலையும் திருப்பிவிடுவது. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும், வங்கி அனுப்பும் கணக்கு விபரமும், முன்பதிவுத் தளத்தின் உறுதிப்படுத்தும் எண்ணும் அதே பெட்டிக்குத்தான் வருகின்றன. தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய போன் கடற்கரையில் தொலைந்தால்? செப்டம்பரோடு சீசன் முடிந்து அவர் வேறு வேலைக்குப் போன பிறகும் ஃபோர்வேர்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஜீமெயிலில் ஃபில்டர் (மெயிலைப் பிரித்தெடுக்கும் விதி) போட்டு, முன்பதிவுத் தளத்தின் முகவரியில் இருந்து வருவதை மட்டும் அனுப்பலாம். அந்தத் தளமே கடவுச்சொல் மெயிலும் அனுப்பும் என்பதால், முன்பதிவு மெயிலின் தலைப்பில் வரும் சொல்லையும் ஃபில்டரில் சேர்ப்பது நல்லது. போன் செயலியில் இதைச் செய்ய முடியாது. கணினியில் திறக்க வேண்டும். புதிய முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மெயில் போகும், அங்கிருந்து சம்மதம் வந்த பிறகுதான் வேலை செய்யும்.

எல்லா மெயிலையும் திருப்பிவிடும் அமைப்பில், அனுப்பிய பிறகு மூலப் பிரதியை என்ன செய்வது என்றும் கேட்கும். அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். ஸ்பேமுக்குள் (குப்பை மெயில் பெட்டிக்குள்) விழுந்த மெயில் ஃபோர்வேர்ட் ஆகாது என்பதும் பலருக்குத் தெரியாது. ஆகவே மூலப் பெட்டியை, ஸ்பேமையும் சேர்த்து, இடையிடையே திறந்து பார்க்கத்தான் வேண்டும். சொந்த டொமைன் முகவரியில் (@ குறிக்குப் பின்னால் விடுதியின் பெயரே வரும் முகவரியில்) இருந்து திருப்பினால் இன்னொரு சிக்கல்: அனுப்பியவரின் சேர்வரில் இருந்து நேரே வராததால், போய்ச் சேரும் இடத்தில் அது போலி மெயில் போலத் தெரிந்து ஸ்பேமுக்குள் போகலாம்.

பதில் அனுப்பும்போதும் கவனம் தேவை. தம்பி தன் சொந்த முகவரியில் இருந்து முற்பணம் கேட்டால் வெளிநாட்டுக்காரர் மோசடி என்றுதான் நினைப்பார். நினைப்பதும் நியாயம்தான். விடுதி முகவரியில் இருந்தே பதில் போகும்படி ஜீமெயிலில் அமைக்கலாம்.

மெயிலை எஸ்எம்எஸ் ஆக மாற்றி அனுப்பும் பழைய வழியை இன்னும் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனமே 2025 ஜூனில் அதை மூடிவிட்டது. ஓர் எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து, தமிழ் என்றால் 70 குறியீடுதான் அடங்கும். ‘கி’ என்பதே ‘க’ ஒன்று, கொம்பு ஒன்று என்று இரண்டு குறியீடு. அதற்குள் என்ன முன்பதிவு விபரம் வரப்போகிறது?

கொமியூனிகேஷன் கடையில் கணக்குத் திறந்தவர்கள் மீட்பு இலக்கமாக (கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் எண்ணாக) யாருடைய போன் இருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரருடையது என்றால் இன்றே மாற்றுங்கள். கணக்குக்குள் யாரோ நுழைந்தார்கள் என்ற சந்தேகம் வந்தால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு விடவும் கூடாது. நுழைந்தவர் ரகசியமாக ஒரு ஃபோர்வேர்ட் போட்டிருந்தால் கடவுச்சொல் மாறிய பிறகும் உங்கள் மெயில் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஜீமெயில் அமைப்பில் ஃபோர்வேர்டிங் பக்கம், ஃபில்டர் பக்கம் இரண்டையும் திறந்து, தெரியாத முகவரி இருந்தால் அழித்துவிடுங்கள்.