ஆஸ்திரேலியாவில் காட்டுயிர்களைக் காணச் செல்வோர்க்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவுக்கு விடுமுறையில் செல்பவர்களில் பெரும்பாலோர்க்குக் கங்காருவையும் கோவாலாவையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆனால் பயணத்தைத் திட்டமிடும்போது நாட்களையெல்லாம் நகரங்களுக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய ஒரு பகலில், அதிலும் வெயில் உச்சிக்கு வந்த பிறகு, ஏதேனும் ஒரு பூங்காவுக்குப் போய்த் திரும்புகிறார்கள். அந்நாட்டின் பாலூட்டிகளில் பெரும்பாலானவை அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும் நடமாடுபவை. நண்பகலில் அவை புதரடியிலோ வளைக்குள்ளோ மரக்கிளையிலோ உறங்கிக் கிடக்கும். ஆகவே விலங்குகளின் பொழுதுக்கு ஏற்ப நம் பொழுதை மாற்றிக்கொள்வதுதான் இத்தகைய பயணத்தின் முதல் வேலை. காட்டுக்கு அருகிலேயே ஓரிரு இரவுகள் தங்கினால் அந்தியும் விடியலும் தாமாகவே கைக்கு வரும். ஐந்து பூங்காக்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒரே பூங்காவில் இரண்டு இரவுகள் தங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பருவம். சிட்னி, மெல்போர்ன், டாஸ்மேனியா ஆகிய தென்பகுதிகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். வெப்பமண்டல வடக்கில் இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ககாடு தேசியப் பூங்காவில் மழைக்காலத்தில் பல சாலைகள் நீரில் மூழ்கி மூடப்படும். வறண்ட காலத்தின் பிற்பகுதியில் சதுப்பு நிலங்கள் சுருங்கச் சுருங்க, எஞ்சியிருக்கும் நீர்நிலைகளில் பறவைகள் வந்து குவிகின்றன. அந்த வேளையில் யெல்லோ வாட்டர் நீர்நிலையில் விடியற்காலைப் படகில் செல்வதற்கு ஈடான பறவைக் காட்சி அந்நாட்டில் வெகு சிலவே. கடலைப் பொறுத்தவரை, கிழக்குக் கரையை ஒட்டிக் கூனல் முதுகுத் திமிங்கலங்கள் ஜூன் முதல் நவம்பர் வரை கடந்து செல்கின்றன. மேற்கில் நிங்கலூ பவளத்திட்டில் திமிங்கலச் சுறாக்கள் மார்ச் முதல் ஜூலை வரை வருகின்றன. பண்டபெர்க் அருகிலுள்ள மோன் ரெபோ கடற்கரையில் ஆமைகள் நவம்பரிலிருந்து முட்டையிட ஏறி வர, குஞ்சுகள் ஜனவரி முதல் மார்ச் வரை கடலுக்கு இறங்குகின்றன. ஆமைகளைக் காண வனக்காவலர்கள் இரவில் அழைத்துச் செல்லும் சுற்றுக்கு முன்பதிவு செய்தாக வேண்டும்.

காட்டுக்குப் போவதற்கு முன், முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ நல்ல காட்டுயிர்ச் சரணாலயம் ஒன்றுக்குச் செல்வது நல்லது. சரணாலயத்தைக் காட்டுக்கு மாற்றாகக் கொள்ளாமல், பார்வையைப் பழக்கும் இடமாகக் கொள்ள வேண்டும். கோவாலா கிளைக்கவட்டில் எப்படி உடலைச் சுருட்டி உட்கார்ந்திருக்கும், எக்கிட்னா மண்ணைக் கிளறும்போது முட்களின் அசைவு எப்படி இருக்கும், வாலபி கங்காருவிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதையெல்லாம் அங்கே கண்டு கொண்டவர்களுக்கே பின்னால் காட்டில் கண்ணுக்கு ஏதேனும் தட்டுப்படும். மெல்போர்னிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஹீல்ஸ்வில் சரணாலயம் முழுக்க முழுக்க ஆஸ்திரேலிய உயிரினங்களுக்கானது. வாத்தலகும் முட்டையிடும் இயல்பும் கொண்ட பாலூட்டியான பிளாட்டிபஸ் காப்பிடத்தில் முதன்முதலாக 1943-இல் குஞ்சு பொரித்தது அங்கேதான். ஹோபார்ட்டுக்கு அருகிலுள்ள போனோராங் சரணாலயத்தில், காயம்பட்டும் தாயை இழந்தும் மீட்கப்பட்ட விலங்குகளைப் பார்க்கலாம். 1996-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட முகக்கட்டி நோயால் காட்டில் எண்ணிக்கை சரிந்துவிட்ட, இறைச்சி உண்ணும் பைப்பாலூட்டியான டாஸ்மேனியன் டெவிலையும் அங்கே அருகில் நின்று காணலாம்.

கோவாலாவைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்திலும் எழுகிறது. நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் அதற்கு அனுமதி இல்லை. குயின்ஸ்லாந்திலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் உரிமம் பெற்ற சில இடங்களில் அனுமதிக்கிறார்கள். 1927-இல் தொடங்கப்பட்ட பிரிஸ்பேனின் லோன் பைன் சரணாலயம் பல பத்தாண்டுகளாக இதற்குப் பெயர் பெற்றிருந்தும், 2024-இல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது. ஒரு நாளில் 20 மணி நேரம் வரை உறங்கி, சத்துக் குறைந்த யூகலிப்டஸ் இலையை மெல்ல மெல்லச் செரித்து வாழும் விலங்கு அது. கை மாற்றிக் கை மாற்றி அதைத் தூக்காமல் அருகில் நின்று பார்ப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன். குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி ஆகியவற்றில் கோவாலா 2022 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

காட்டில் கோவாலாவைத் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் மேலே பார்க்காமல் கீழிருந்து தொடங்க வேண்டும். வழவழப்பான பட்டையுள்ள யூகலிப்டஸ் மரங்களின் அடியில் ஆலிவ் கொட்டை அளவிலான எச்சம் கிடக்கிறதா, அடிமரத்தில் புதிய நகக்கீறல்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு, கிளைகள் பிரியும் கவட்டில் சாம்பல் நிறத் திரட்சி ஏதேனும் தெரிகிறதா என்று நிமிர்ந்து நோக்கலாம். விக்டோரியாவில் ரேமண்ட் தீவும், குயின்ஸ்லாந்தில் டவுன்ஸ்வில்லிலிருந்து படகில் செல்லக்கூடிய மேக்னடிக் தீவும் இதற்கு ஏற்ற இடங்கள். கங்காரு, வாலபி ஆகியவற்றுக்கு இவ்வளவு தேடல் தேவையில்லை. கேன்பெராவை அடுத்த டிட்பின்பில்லா காப்பகத்திலோ, மக்காய் நகருக்கு வடக்கே கேப் ஹில்ஸ்பரோ கடற்கரையில் கதிரவன் எழும் நேரத்திலோ அவற்றைக் காணலாம்.

பிளாட்டிபஸைக் காண்பதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும். குயின்ஸ்லாந்தின் யுங்கெல்லா தேசியப் பூங்காவில் ப்ரோக்கன் ரிவர் என்ற ஆற்றின் கரையில் இதற்கென்றே பார்வைத் தளம் அமைத்திருக்கிறார்கள். விடிவதற்குச் சற்று முன்போ, வெளிச்சம் மங்கத் தொடங்கும் மாலையிலோ அங்கே போய், ஓட்டம் மெதுவாக உள்ள நீர்ப்பரப்பில் கண்ணைப் பதித்து நிற்க வேண்டும். முதலில் சிறு குமிழிகள் கோடுபோல் நகரும். பிறகு வட்ட அலைகள் விரிய, அவற்றின் நடுவே தட்டையான பழுப்பு முதுகு ஒன்று எழும்பும். நீரடியில் தேடிக் கன்னப் பைகளில் அடைத்து வந்த பூச்சிகளையும் புழுக்களையும் அது மேலே மிதந்தபடி சில நொடிகள் மென்றுவிட்டு, மீண்டும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை மூழ்கிவிடும். அது மூழ்கியிருக்கும்போது மட்டும் நாம் இடம் மாறலாம். மேலே வந்ததும் அசையக் கூடாது, பேசக் கூடாது. பலரும் எதிர்பார்ப்பதைவிட அது சிறிய விலங்கு. பெரியதாக நினைத்துத் தேடுபவர்கள் கண்ணெதிரே இருந்தும் தவறவிடுகிறார்கள்.

டாஸ்மேனியாவின் க்ரேடில் மலைப் பகுதியில் ரோனி க்ரீக் என்ற புல்வெளியில் பிற்பகல் கடந்ததும், வளை தோண்டி வாழும் குட்டைக்கால் பைப்பாலூட்டிகளான வாம்பட்டுகள் வளையிலிருந்து வெளிவந்து மேயத் தொடங்கும். அங்கே போடப்பட்டுள்ள மர நடைபாதையை விட்டு இறங்காமல் நின்றாலே, புல்லை அவை கடித்து இழுக்கும் ஓசை கேட்கும் அளவுக்கு அவை தாமாக அருகில் வருவதுண்டு. தன் பாதையில் வரும் வாம்பட்டுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டுமே தவிர, அதற்கும் அதன் வளைக்கும் குறுக்கே நிற்கலாகாது.

ஃபிலிப் தீவின் பென்குயின் அணிவகுப்பு தனியாகச் சொல்லத் தக்கது. மெல்போர்னிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். சுமார் 33 சென்டிமீட்டர் உயரமும் ஒரு கிலோ எடையுமே உள்ள குட்டிப் பென்குயின்கள், பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, இருட்டியதும் கூட்டம் கூட்டமாகக் கரையேறி மணல்மேட்டு வளைகளுக்கு நடந்து செல்கின்றன. கோடையில் இது இரவு ஒன்பது மணியை ஒட்டியும், குளிர்காலத்தில் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கும் நிகழும். விடுமுறைக் காலங்களில் இடம் முன்கூட்டியே நிரம்பிவிடுவதால் பதிவு செய்யாமல் போகக் கூடாது. கடற்காற்று கோடையிலும் நடுக்கும், கம்பளியாடை அவசியம். படம் எடுப்பதற்கு, கைபேசியில் எடுப்பதற்குக்கூட, முழுத் தடை இருக்கிறது. ஒளி பட்டால் பறவைகள் மிரண்டு கடலுக்கே திரும்பிவிடக் கூடும். திரும்பும்போது வண்டியை எடுப்பதற்கு முன் அதன் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். வழி தவறிய பென்குயின் அங்கே ஒதுங்கியிருக்கலாம். அன்றிரவே மெல்போர்னுக்குத் திரும்பாமல் தீவிலுள்ள கவ்ஸ் ஊரில் தங்குவது எல்லாவகையிலும் நல்லது.

நுழைவுக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் நுழையக் கட்டணம் இல்லை; கூடாரமடித்துத் தங்க மட்டும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் பல பூங்காக்களில் வண்டிக்கு நாள் கட்டணம் உண்டு. 1879-இல் நிறுவப்பட்ட, உலகின் மிகப் பழைய தேசியப் பூங்காக்களுள் ஒன்றான சிட்னி ராயல் பூங்காவில் அது 12 டாலர். டாஸ்மேனியாவில் இரண்டு மாதம் செல்லுபடியாகும் விடுமுறைச் சீட்டு ஒன்றை வாங்கிவிட்டால் எல்லாப் பூங்காக்களுக்கும் போதும். நாட்டின் நடுவே உலுரு என்ற பெரும் செம்பாறை நிற்கும் உலுரு-கட்டா ஜுட்டா பூங்காவில் பெரியவர் ஒருவருக்கு மூன்று நாளுக்கு 38 டாலர். கட்டணங்கள் அவ்வப்போது உயர்வதால் பூங்காவின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சாலை மூடல், காட்டுத்தீ எச்சரிக்கை ஆகியவையும் அங்கேயே வெளியாகும். தீ அபாயம் உச்ச நிலையில் அறிவிக்கப்பட்ட நாளில் பூங்காக்களை மூடிவிடுவார்கள். அன்று அப்பக்கமே போகாதிருப்பதுதான் பாதுகாப்பு.

உலுருவும் ககாடுவும் பூர்வகுடி மக்களின் நிலங்கள். அவர்களோடு சேர்ந்தே அரசு அவற்றை நிர்வகிக்கிறது. உலுரு 1985-இல் அதன் பூர்வகுடி உரிமையாளர்களான அனங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. 2019 அக்டோபர் முதல் பாறையின் மீது ஏறுவது தடை செய்யப்பட்டுள்ளது. படம் எடுக்க வேண்டாம் என்று குறிக்கப்பட்ட புனித இடங்களில் அந்தக் கோரிக்கைக்கு இணங்க வேண்டும்.

ஆபத்துகளைப் பற்றி மிகையாக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வடக்கின் உவர்நீர் முதலைகள் விஷயத்தில் எந்தத் துணிச்சலும் கூடாது. எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீர் விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நீர் தெளிவாக இருப்பதோ அமைதியாக இருப்பதோ எதற்கும் உத்தரவாதம் ஆகாது. குயின்ஸ்லாந்தின் டெயின்ட்ரீ மழைக்காட்டில், பறக்க இயலாத பெரிய கசோவரிப் பறவை எதிர்ப்பட்டால் ஓடாமல், பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். ஃபிரேசர் தீவு என்று வழங்கி, 2023-இல் தன் பழம்பெயரான கரீ என்பதற்கே திரும்பிய தீவில் டிங்கோ என்ற காட்டுநாய்கள் திரிவதால், குழந்தைகள் எப்போதும் பெரியவர்களின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். பாம்பு கடித்தால் காயத்தைக் கழுவாமல், அழுத்தமான துணிக்கட்டைக் கடிவாயின் மேலும் உறுப்பு முழுவதும் சுற்றி, அசையாமல் படுக்கவைத்து 000 எண்ணை அழைக்க வேண்டும். இருக்குமிடத்தைத் துல்லியமாகக் காட்டும் எமர்ஜென்சி பிளஸ் செயலியை முன்னதாகவே கைபேசியில் ஏற்றி வைப்பது பயன்படும்.

எந்த விலங்குக்கும் தீனி போடக் கூடாது. மனிதர் கொடுக்கும் ரொட்டி கங்காருக்களுக்குத் தாடை வீங்கும் நோய்க்குக் காரணமாகலாம்; தீனிக்குப் பழகிய டிங்கோ மனிதரைத் தாக்கத் துணிகிறது, பிறகு அதையே கொல்ல நேர்கிறது. பெர்த்துக்கு அப்பாலுள்ள ராட்நெஸ்ட் தீவில் வாழும், வாலபியின் சிறிய உறவினமான குவாக்காக்கள் முகத்தருகே வந்து நின்றாலும் தொடுவதும் ஊட்டுவதும் அபராதத்துக்குரிய குற்றம்.

காலணி, கூடாரம், கைத்தடி ஆகியவற்றில் ஒட்டியுள்ள மண்ணை ஊரிலேயே கழுவிக் காயவைத்து எடுத்துச் செல்ல வேண்டும். உணவு, மரப்பொருள், விதை எது இருந்தாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுவதே முறை. அறிவிப்பவர்களுக்குத் தொல்லையில்லை, மறைப்பவர்களுக்குத்தான் அபராதம். நாட்டுக்குள்ளும் இத்தகைய கட்டுப்பாடுகள் உண்டு: கங்காரு தீவுக்குத் தேன் கொண்டுபோகக் கூடாது, ஏனெனில் அங்கே 1880-களிலிருந்து லிகூரியத் தேனீக்களைக் கலப்பின்றிக் காத்துவருகிறார்கள். சில நடைபாதைகளின் தொடக்கத்தில் செருப்படியைத் தேய்க்கும் தூரிகைகள் வைத்திருப்பார்கள். செடிகளின் வேரை அழுகச் செய்யும் பூஞ்சை போன்ற கிருமி மண்ணோடு பரவாமல் தடுக்கவே அந்த ஏற்பாடு.

கடைசியாக, சாலை. அந்தியும் விடியலும் விலங்குகளைப் பார்க்க நல்ல நேரம், வண்டி ஓட்ட மோசமான நேரம். இருட்டுவதற்குள் தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து நடந்தே பார்ப்பதுபோல் திட்டமிட வேண்டும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று சில வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருப்பதையும் படித்துக்கொள்ள வேண்டும். கங்காரு குறுக்கே பாய்ந்தால் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காமல் நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். அடிபட்ட விலங்கைக் கண்டால், வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டிய பிறகு, அதன் வயிற்றில் பையுள்ளதா, உள்ளே குட்டி உயிரோடிருக்கிறதா என்று பார்க்கலாம். குட்டி காம்பைக் கவ்வியிருந்தால் பிடித்து இழுக்கக் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ், விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா போன்ற மீட்பு அமைப்புகளை அழைத்து, அவர்கள் சொல்வதுபோல் செய்ய வேண்டும். செல்லும் மாநிலத்தின் மீட்பு எண்ணைப் புறப்படுவதற்கு முன்பே கைபேசியில் பதிந்து கொள்ளுங்கள். காட்டுச் சாலைகளில் இணையத் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது.