குழிநரியில் தொடங்கி மிளகாய்ச் செடி வரை: கண்ணாடி இறக்கைப் பூச்சிக் குலத்தை அடையாளம் காணும் முறை

உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து ஓலைக் கொட்டகைகளின் நிழலில் குனிந்து பார்த்தால், உலர்ந்த மணலில் புனல் வடிவச் சிறு குழிகள் கண்ணில் படும். சிறுவர்கள் குச்சியால் கிளறி விளையாடும், அக்குழிகளைத் தோண்டும் குழிநரிப் புழுவும், முண்டு மிளகாய்ச் செடியில் சாறு உறிஞ்சும் அசுவினியைத் தின்று உழவருக்கு உதவும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒரே குலத்தவை. நியூராப்டிரா எனப்படும் இவ்வரிசையில் உலகெங்கும் ஏறத்தாழ 6,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. புதிதாகத் தொடங்குவோர் பறக்கும் பூச்சியைத் தேடி அலைந்து சலித்துப்போகின்றனர். புழுவிலிருந்து தொடங்குவதே எளிது என்பது என் எண்ணம். ஒரு கைலென்ஸ், தேக்கரண்டி, தேநீர் வடிகட்டி, வெள்ளைத் தாள், வாயகன்ற புட்டி ஆகியவை போதும்.

படி 1: இடமும் காலமும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து மணல் நன்கு காய்ந்த பின் தேடுங்கள். அலை தொடும் ஈர மணலில் குழி நிற்காது. கூரைத் தாழ்வாரம், பனையடி, கரையேற்றி நிறுத்திய நாட்டுப்படகின் அடிப்புறம் போன்ற, மழையும் காலடியும் படாத இடங்களே ஏற்றவை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. வீட்டு முற்றமே தாராளம்.

படி 2: குழியைக் கலைக்காமல் பார்த்தல்

புல் நுனியால் விளிம்பிலிருந்து நான்கைந்து மணல் துகள்களைச் சரியவிடுங்கள். அடியில் புதைந்திருக்கும் தலை, மணலை வாரி மேலே இறைக்கும். உலர் மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லைவரை குழியின் சுவர் செங்குத்தாக அமைந்திருப்பதால், எறும்பின் கால் பட்டதுமே மண் வழுகுகிறது. இறைக்கப்படும் மணல் அச்சுவரை மேலும் குலைத்து, ஏறித் தப்ப முயலும் எறும்பை மீண்டும் அடிக்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

படி 3: தாடையைப் பார்த்தல்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். குழிக்கு இரண்டு அங்குலம் கீழே கரண்டியைச் செலுத்தி, அள்ளிய மணலை வடிகட்டியில் சலித்து, எஞ்சியதைத் தாளில் கொட்டுங்கள். மண்நிறத்தில் மயிரடர்ந்த ஓர் உருண்டை செத்ததுபோல் கிடக்கும்; சற்றுப் பொறுத்தால் பின்னோக்கி நகரத் தொடங்கும். லென்ஸில் அரிவாள் போன்ற இரு தாடைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரே உறுப்பன்று. மேல்தாடையும் துணைத்தாடையும் ஒன்றோடொன்று பொருந்தி உருவான குழல். இரையைக் குத்திச் செரிமான நீரைச் செலுத்தி, கரைந்ததை அதன் வழியே உறிஞ்சுகிறது. புழுப்பருவத்தில் நடுக்குடலின் பின்முனை மூடியே இருப்பதால், திடக்கழிவு முழுவதும் பூச்சி முதிர்ந்து வெளிவரும்வரை உடலுக்குள்ளேயே தங்குகிறது.

இந்தக் குழல் தாடைதான் குலத்தின் முத்திரை. இவ்வரிசையின் புதைபடிவங்கள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பெர்மியன் காலத்திலிருந்தே கிடைக்கின்றன. ஜுராசிக் காலத்தில் வாழ்ந்த காலிகிராமாட்டிட் எனும் குடும்பம், உறிஞ்சுகுழலும் இறக்கையில் கண்போன்ற புள்ளிகளும் கொண்டு, வண்ணத்துப்பூச்சிகள் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவற்றைப் போலத் தோற்றமளித்தது.

படி 4: புட்டியில் வளர்த்தல்

சலித்த உலர் மணலை மூன்று விரற்கடை உயரம் நிரப்பி, புட்டிக்கு ஒன்றாக விடுங்கள். நான் முதன்முறை இரண்டை ஒன்றாக விட்டேன். மூன்றாம் நாள் ஒரு குழியும், அதன் விளிம்புக்கு வெளியே எறியப்பட்ட ஒரு வெற்றுத் தோலும் மட்டுமே இருந்தன. இரண்டு மூன்று நாளுக்கு ஓர் எறும்பு போதும். தண்ணீர் விட வேண்டாம். இரை கிடைக்கும் அளவைப் பொறுத்து வளர்ச்சி பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் நீளும். பல நாள் குழி தோண்டாவிட்டால் இறந்ததென எண்ணி மணலைக் கொட்டிவிடாதீர்கள். உடலின் பின்முனையிலிருந்து பட்டு நூற்று, மணல் ஒட்டிய உருண்டைக் கூட்டுக்குள் அது உறங்கக்கூடும். ஒரு குச்சியை நட்டு வையுங்கள். வெளிவரும் பூச்சி அதில் ஏறித்தான் இறக்கையை விரிக்கும். அதைத் தும்பியென்று பலர் தவறாகக் கருதுகின்றனர். தும்பியின் உணர்கொம்பு மயிர்போலச் சிறியது. இதற்கோ நுனி பருத்த உணர்கொம்பு உண்டு, அமரும்போது இறக்கை கூரைபோல் மடியும்.

படி 5: மிளகாய்க் கொல்லைக்குச் செல்லுதல்

அசுவினி அடைந்த இலையின் அடிப்புறத்தில், மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் சிறு முட்டைகளைத் தேடுங்கள். முந்திப் பொரிக்கும் புழு உடன்பிறந்தவற்றைத் தின்றுவிடாதிருக்கவும், எறும்பு எளிதில் எட்டாதிருக்கவும் இக்காம்பு உதவுகிறது. இந்தியாவில் கிரைசோபெர்லா எனும் இவ்வகைப் பூச்சியை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை ஊட்டி ஆய்வகத்தில் வளர்த்து, பருத்தி முதலிய பயிர்களில் விடுகின்றனர். அதன் புழு அசுவினியை உறிஞ்சினாலும், முதிர்பூச்சி மகரந்தமும் தேனும் உண்டே வாழ்கிறது. ஆகவே வரப்பில் பூக்கும் செடிகளை விட்டுவைப்பது நன்று. கண்ட மருந்தையும் அடித்தால் அசுவினியோடு இதுவும் சாகும்.

முட்டை பச்சையாக இருந்தால் புதிது. சாம்பல் நிறமானால் பொரிக்கப்போகிறது. வெள்ளையாக இருந்தால் வெற்று ஓடு. சாம்பல் நிற முட்டை கிடைத்தால் அந்த இலைக்கு நூல் கட்டி அடையாளமிட்டு, மறுநாள் காலை லென்ஸோடு சென்று, காம்பு வழியே இறங்கும் புழுவின் முகத்தில் அதே அரிவாள் தாடையைப் பாருங்கள்.