துணியைக் கொண்டு குடும்ப வரலாறு தேடுதல்: கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

புடவை வணிகத்திலோ தையலிலோ நெசவாலையிலோ சில தலைமுறைகளைக் கழித்த கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வரலாற்றைத் தேடுவோர், அலுவலகங்களுக்குச் செல்வதற்கு முன் உறவினர் வீடுகளில் எஞ்சியுள்ள துணிகளைப் பார்வையிடுவது நல்லது. 1983 ஜூலை வன்செயல்களில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது கணக்குப் புத்தகங்களும் காணி உறுதிகளும் புகைப்படங்களும் அவற்றுடன் அழிந்தன. ஆயினும் ரேந்தை (லேஸ்) வைத்த தலையணை உறையோ, ஞானஸ்நானச் சட்டையோ, பழைய கூறைச் சீலையோ எவரேனும் ஓர் உறவினரின் அலுமாரியில் தப்பியிருக்கலாம். அரச பதிவுகள் ஆண்களின் தொழிலைக் குறித்த அளவுக்குப் பெண்களின் கைவேலையைக் குறிக்கவில்லை என்பதால், அம்மம்மாவும் பூட்டியும் செய்த வேலைக்கு அந்தத் துணியே முதற்சான்றாகும்.

ரேந்தையை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். பல நூல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டும் முறுகியும் நெய்த துணிபோன்ற பரப்பை உண்டாக்கியிருந்தால் அது திண்டின்மீது குண்டூசிகள் குத்தி, மரக் குச்சிகளில் சுற்றிய நூலால் பின்னப்பட்டது. தென்னிலங்கையில் இதனைப் பீரளு என்பர். ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக ஓடியிருந்தால் அது குரோசே. வடிவம் சிறு பிசகுமின்றித் திரும்பத் திரும்ப வந்து, ஓரங்களில் வெட்டுண்ட நூல் நுனிகள் தெரிந்தால் பெரும்பாலும் அது கடையில் வாங்கிய இயந்திர லேஸ்.

பீரளு காலி, வெலிகம போன்ற தென்கரை ஊர்களில் வேரூன்றிய கைவினை. ஆனால் கொழும்புத் தமிழ் வீட்டில் கிடைக்கும் இவ்வகைப் பின்னல் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. இன்றைய தமிழ்நாட்டின் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மோல்ட் லேஸ் பின்னலைப் பெண்களுக்குக் கற்பித்தார். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்த அவருடைய மகள் எலைசா அதனைத் திருநெல்வேலிப் பகுதியின் இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். ஆகவே, குடும்பம் எந்தக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது, தாய்வழி ஊர் எது என்னும் இரண்டு கேள்விகளும் துணியைப் பார்த்தவுடனேயே கேட்கப்பட வேண்டியவை. பின்னல் வடிவத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் ரேந்தை விலைக்கும் வாங்கப்பட்டது, சீதனமாகவும் கைமாறியது. துளையிட்ட மாதிரித் தாள்கள், மரக் குச்சிகள், பாதியில் நின்ற துண்டுகள் ஆகியவற்றில் ஏதேனும் வீட்டில் இருந்தால்தான் பின்னியவர் அந்த வீட்டவர் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

ஆவணங்களில் நான் முதலிடம் கொடுப்பது விவாகப் பதிவுக்கு. மணமக்களின் வயது, வதிவிடம், தொழில் ஆகியவற்றுடன் தந்தையரின் பெயரும் தொழிலும் அதில் இருப்பதால், ஒரே தாளில் இரண்டு தலைமுறைகளின் வாழ்வாதாரம் தெரிந்துவிடுகிறது. ‘வியாபாரி’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் அந்த ஆண்டையொட்டிய பெர்குசன் டைரக்டரி என்னும் இலங்கை விவரக் கொத்தில் கடையின் பெயரைத் தேடுங்கள். பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பெறலாம்; 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னர் செல்ல வேண்டுமாயின் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பகுதிகளின் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளே துணை. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் உள்ளன. அவை குடும்ப உறுப்பினரையும் காணியையும் பதிந்தவை. ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்டவை என்பதால் வாசிக்கத் தெரிந்தவரின் உதவியோடு செல்லுங்கள்.

கடை வைத்திருந்த முன்னோர் இறந்தபின் மாவட்ட நீதிமன்றத்தில் அவருடைய சொத்தைப் பற்றிய மரணசாசன வழக்கு நடந்திருந்தால் அக்கோப்பைத் தவறவிடாதீர்கள். வாரிசுகளின் பெயர்களும் சொத்துப் பட்டியலும் ஒருங்கே கிடைப்பதோடு, கடையிலிருந்த சரக்கின் விவரமும் சில கோப்புகளில் அகப்படும். வெள்ளவத்தை நெசவாலையில் வேலைசெய்த இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கோ, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த விண்ணப்பங்களே பெரும் புதையல். தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தமையால், வேலை வழங்கியவரின் கடிதம் முதல் பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ் வரை அவர்கள் சேர்த்துக் கொடுத்தனர். பிரதிகளை வீட்டிலும் தேடுங்கள். ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிட்டி மாடிக் குடியிருப்புகள் நிற்பதால், அங்கு வேலைசெய்த மூத்தோரின் நினைவுகளை இப்போதே பதிவுசெய்வது அவசரமானது. அவர்களிடம் ‘என்ன வேலை செய்தீர்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, நூற்பில் நின்றீர்களா, தறியில் நின்றீர்களா, யார் கைபிடித்துப் பழக்கினார், சம்பள நாளில் வீட்டுக்கு எந்தத் துணி வந்தது என்று கேளுங்கள்.

புடவைக்கடைகளைப் பொறுத்தவரை, கோயில் கும்பாபிஷேக மலர்களிலும் பாடசாலை ஆண்டு மலர்களிலும் வந்த விளம்பரங்கள் கடையின் முகவரியையும் உரிமையாளர் பெயரையும் ஆண்டோடு தருகின்றன. ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலக இணையத்தளத்தில் இத்தகைய மலர்கள் பல வாசிக்கக் கிடைக்கின்றன. 1930இல் தொடங்கிய வீரகேசரியின் பழைய இதழ்களில், தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய வாரங்களைப் பாருங்கள்.

ஒவ்வொரு துணிக்கும் ஒரு தாள் ஒதுக்கி, அதன் நீள அகலம், பின்னல் வகை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அதைச் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்பவற்றை எழுதுங்கள். ஆவணம் உறுதிசெய்த செய்தியையும் வாய்மொழிச் செய்தியையும் வேறுவேறு மையில் எழுதினால் பின்னர் குழப்பம் வராது. அளவுகோலை அருகில் வைத்து இருபுறமும் படமெடுங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் பையில் மூடிய பருத்தி பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், துவைத்துக் கஞ்சி நீக்கிய வெள்ளைத் துணியில் மடிப்பு விழாமல் சுருட்டி வையுங்கள். பெயரைத் துணியின்மீது எழுத வேண்டாம். பருத்தி நாடாத் துண்டில் எழுதி, ஓரத்தில் இரண்டு தளர்ந்த தையலால் பிடித்துவிடுங்கள்.