நுவரெலியாக் குளிரில் இஞ்சி பியர்: ரைஸ் குக்கரும் ஒரு பல்ப் பெட்டியும்

ரைஸ் குக்கரில் ஒரு லீற்றர் தண்ணீர், தட்டிய இஞ்சி 200 கிராம், சீனி 350 கிராம். மூடியைத் திறந்துவைத்து 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். வடித்து, கொதித்தாறிய தண்ணீர் இரண்டரை லீற்றர் சேருங்கள். 30 பாகைக்கு இறங்கியதும் இரண்டு தேசிக்காய்ச் சாறும் கால் தேக்கரண்டி ஈஸ்டும். சூட்டில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும்.

இனித்தான் உண்மையான வேலை. இராக்குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். மீன் வரும் ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்ப், வெளியே சூட்டைப் பார்த்துப் பல்பை ஏற்றி அணைக்கும் தெர்மோஸ்டாட். 25 பாகை, வித்தியாசம் 1 (ஒரு பாகை இறங்கினால் பல்ப் திரும்ப எரியும்). பல்பைத் துளையிட்ட பால்மா டின்னால் மூடுங்கள், ரெஜிபோமில் பட்டால் உருகிப் பற்றும். தெர்மோஸ்டாட்டின் சென்சரைப் போத்தலோடு ஒட்டி, மேலே ஸ்பொஞ்ச் வையுங்கள். காற்றில் தொங்கினால் காற்றுச் சூட்டுக்கே பல்ப் அணைந்துவிடும், போத்தல் குளிர்ந்தபடியே கிடக்கும். ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் தானே துண்டிப்பது) இல்லாத லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வயரிங்கில் இதைப் பூட்டவே வேண்டாம்.

சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்தான் சரி, இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பி, மூடி, பெட்டிக்குள் வையுங்கள். கண்ணாடி வெடிக்கும். ஒரு நாளுக்குப் பின் அடிக்கடி அமுக்கிப் பாருங்கள். கல்லுமாதிரி இறுகியதும் ஃபிரிட்ஜுக்கு. கொஞ்சம் மதுசாரம் இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.