சுகர் உள்ளவர் பாதத்தைத் தினமும் பார்ப்பது எப்படி: சேற்றிலும் வரப்பிலும் நடக்கும் கால்களுக்கு ஒரு செய்முறை

காவிரிப் பாசன ஊர்களில் காலுக்கு ஓய்வு குறைவு. மேட்டூர் திறந்தால் குறுவை, அதன் பின்னாலேயே சம்பா, தாளடி. சேறு வடிந்தால் அறுத்த தாளும் வெடித்த வரப்பும். வீட்டுக்குள், கோயிலுக்குள், களத்தில் எங்கும் வெறுங்கால்தான். உணர்ச்சி நன்றாக உள்ள கால் இதையெல்லாம் தாங்கும். முள் பட்ட கணமே தூக்கிக்கொள்ளும். சுகர் பல வருடம் கட்டுப்படாமல் இருந்தவருக்குப் பாத நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கின்றன. முதலில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு. பிறகு எதுவுமே இல்லை. கருவேல முள் ஏறியதும் தெரியாது, செருப்பு கழன்று விழுந்ததும் தெரியாது.

“எரிச்சல் நின்றுவிட்டது, இப்போது பரவாயில்லை” என்று சொல்பவர்கள் நிறைய. சுகர் குறையாமல் எரிச்சல் மட்டும் தானாக நின்றிருந்தால், நரம்பு மேலும் கெட்டிருக்கலாம். அதனால் வலி செய்ய வேண்டிய வேலையை இனிக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். தினம் பத்து நிமிடம் போதும்.

முதலில்: உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது

இதற்குக் கருவி வேண்டாம், வீட்டில் இன்னொருவர் இருந்தால் போதும். சோதிக்கப்படுபவர் செருப்பு, சாக்ஸ் இல்லாமல் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை மட்டும் தொட வேண்டும். மொத்தம் ஆறு இடம். வரிசையாகத் தொடாமல் வலது, இடது என்று மாற்றி மாற்றித் தொடுங்கள். ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி, இறகு பட்டாற்போல. படுத்திருப்பவர் உணர்ந்தவுடன் “வலது” அல்லது “இடது” என்று சொல்ல வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான். பதில் வரவில்லையே என்று அழுத்துவார்கள், தட்டுவார்கள், இரண்டாம் முறை தொடுவார்கள். அழுத்தம் வேறு நரம்பு வழியாகத் தெரிந்துவிடும், சோதனை பொய்யாகிவிடும். ஒரு விரலை ஒரு முறைதான் தொடலாம்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அது உணர்ச்சி குறைந்த பாதம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆறும் தெரிந்தால் நல்லது. வருடம் ஒரு முறை மறுபடி செய்தால் போதும். மக்களைத் தேடி மருத்துவம் வழியாக மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வருகிறதே என்று டாக்டரிடம் காலைக் காட்டும் வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

தினமும் இரவு: கழுவி, துடைத்து, பார்ப்பது

வேலை முடிந்து வந்ததும் சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டுமென்றால் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது, அதையும் வீட்டில் சுகர் இல்லாத ஒருவர் முழங்கையை வைத்துப் பார்க்கட்டும். காலை வாளியில் அரைமணி நேரம் ஊற வைப்பது பலருக்குப் பிடித்த வழக்கம். உணர்ச்சி குறைந்தவருக்கு அது ஆகாது: தோல் ஊறிப் பிளக்கும், சூடு கூடினாலும் தெரியாது, மறுநாள் கொப்புளம்தான் சொல்லும்.

துடைப்பது கழுவுவதைவிட முக்கியம். பழைய பருத்தித் துண்டின் ஓரத்தை விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் விட்டு ஒற்றி எடுங்கள். நான்காம், ஐந்தாம் விரலுக்கு நடுவே உள்ள இடுக்கில்தான் ஈரம் தங்கும். சேற்றுப்புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பிறகு விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளங்காலைத் திருப்ப முடியாதவர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் பாதத்தைப் பிடித்துப் பார்க்கலாம். சுகர் பலருக்குக் கண்ணையும் பாதித்திருக்கும். அவர்களுக்குப் பேரனோ மருமகளோ பார்த்துச் சொல்வதுதான் சரி. என்ன பார்க்க வேண்டும்? முள், வெட்டு, கொப்புளம், சிவப்பு, விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிய தோல், குதிகாலில் பித்தவெடிப்பு, நகத்தின் ஓரத்தில் சீழ். ஆணிக்கால் இருந்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். தடித்த தோலுக்கு அடியில் கறுப்பாகவோ நீலமாகவோ புள்ளி தெரிந்தால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது. மேலே மூடியிருந்தாலும் அடியில் புண் உருவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் தெளிவாகச் சூடாகவும் வீங்கியும் இருந்து, புண்ணும் இல்லை, வலியும் அதிகமில்லை என்றால், அதைச் சுளுக்கு என்று நினைத்து உருவிவிடப் போகாதீர்கள். பாத எலும்பும் மூட்டும் உள்ளே நொறுங்கத் தொடங்கும்போது இப்படித்தான் இருக்கும். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போனால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றலாம். நடந்துகொண்டே இருந்தால் உள்ளங்காலின் வளைவு சரிந்து, பின்னால் அங்கே ஆறாத புண் வரும்.

வறண்ட தோலுக்கும் வெடிப்புக்கும் தேங்காய் எண்ணெய், வாஸ்லின், அல்லது 10 சதவீத யூரியா கிரீம், எதுவானாலும் மெல்லிசாகப் பூசுங்கள். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் சேரும். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள். சாக்ஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலி இல்லாமல் இருக்காது. உணர்ச்சி இல்லாத கால்விரலை எலி கடித்தால் தூங்குபவர் எழுந்திருப்பதில்லை, காலையில் பாயில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது நல்லது.

நகத்தை வாரம் ஒரு முறை, குளித்த பின், நேர்க்கோடாக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்திரியை ஒட்டுவதும் கூடாது. அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது அமிலம், பக்கத்து நல்ல தோலையும் அரித்துவிடும்.

சேற்றில் இறங்குவதா?

உணர்ச்சி நன்றாக உள்ளவர் இறங்கலாம், சில ஏற்பாடுகளோடு. காலில் புண்ணோ விரலிடுக்கில் வெடிப்போ இருக்கும் நாளில் இறங்க வேண்டாம். இரவில் விரலிடுக்கில் வேண்டாம் என்றோம்; சேற்றில் இறங்குமுன் மட்டும் விரலிடுக்கு உட்பட வாஸ்லின் பூசலாம். தோலில் தண்ணீர் ஊறுவதைக் கொஞ்சம் தடுக்கும். கரையேறியதும் வாய்க்கால் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே போகாமல், மோட்டார் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் கிருமி சின்னக் கீறல் வழியாகவும் நுழையும். ஈர மண்ணில் வாழும் இன்னொரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் சுகர் உள்ளவரையே அதிகம் தாக்குகிறது. ஆகவே நடவுக்குப் பின் காய்ச்சல் வந்தால் “சேற்றில் வேலை பார்த்தேன், சுகர் இருக்கிறது” என்ற இரண்டையும் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சிகிச்சையின் திசையே மாறக்கூடும்.

உணர்ச்சி குறைந்தவருக்கு எங்கள் பதில் வேறு: நடவுச் சேற்றில் இறங்காதீர்கள். கூலி போகும் என்பது தெரியும், இதை லேசாகச் சொல்லவில்லை. ஆனால் சேற்றுக்கு அடியில் உடைந்த பாட்டில் துண்டும் நத்தை ஓடும் இருப்பதை யாராலும் பார்க்க முடியாது. ரப்பர் பூட்ஸ் போட்டு நடவு செய்யலாமே என்றால், ஆழச் சேறு பூட்ஸை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கால் உள்ளே உரசிக் கொப்புளமாகும். மடை திருப்புவது, வரப்பில் நடப்பது போன்ற வேலைக்குப் பூட்ஸ் பொருந்தும். உள்ளே உலர்ந்த சாக்ஸ் அவசியம். போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், கல்லும் தேளும் உள்ளே இருக்கலாம்.

சேற்றுப்புண் வந்துவிட்டால் குளோட்ரிமசோல் 1 சதவீத கிரீமைக் காலை, இரவு இரண்டு வேளை, காய்ந்த இடுக்கில் பூச வேண்டும். அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூசுங்கள். நின்றவுடன் விடுவதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும்போது ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்காதீர்கள்; அரிப்பை உடனே அடக்கும், பூஞ்சையை உள்ளே வளர்த்துவிடும்.

செருப்பு

எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற உள்தகடு, முள் ஏறாத கெட்டியான அடிப்பகுதி, குதிகாலுக்குப் பின்வார், ஒட்டித் திறக்கும் பட்டை: இவை நான்கும் வேண்டும். கட்டைவிரலிடுக்கில் மாட்டும் செருப்பு வேண்டாம். கால் மாலையில் சற்று வீங்கும், அப்போது போய் வாங்குங்கள். வீட்டிலேயே ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து எடுத்துப் போங்கள். அந்தப் படத்தின் மேல் செருப்பை வைத்தால், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் அரைமணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்தச் செருப்பு உங்கள் காலுக்கு ஆகாது. தினமும் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வீட்டுக்குள்ளும் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலும் சூடும்

தஞ்சைப் பெரிய கோயில் போன்ற திறந்த கற்பிரகாரங்களில் வெயில் ஏறிய பின் வெறுங்காலோடு சுற்றக் கூடாது. காலை ஒன்பதுக்குள் அல்லது பொழுது சாய்ந்த பின் போங்கள். கனமான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போவதென்றால் செருப்போடு போய், தங்கும் இடம் ஒவ்வொன்றிலும் காலைப் பாருங்கள். தீமிதிப்பதாக வேண்டுதல் இருந்தால் அதை வேறு விதமாக நிறைவேற்றப் பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய பஸ்களில் டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடியில் கால் வைப்பது, மதமதப்புக்குச் செங்கல் ஒத்தடம் கொடுப்பது, இரண்டும் தீக்காயத்தில் முடியும்.

புண் வந்துவிட்டால்

ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான காஸ் துணியால் மூடி ஒட்டுங்கள். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு சுடும், பொடிகள் புண்ணின் நிறத்தை மறைக்கும், மண் பட்ட இலையில் தனுர்வாதக் கிருமி இருக்கலாம். தடுப்பூசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தாலோ நினைவில்லை என்றாலோ டிடி ஊசி போட வேண்டும். மறுநாளுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள்.

புண் ஆறாததற்குச் சுகரை மட்டுமே குறை சொல்வார்கள். வலி இல்லாததால் அதன் மேலேயே நடப்பது அதற்குச் சமமான காரணம். எத்தனை விலையுயர்ந்த மருந்து வைத்தாலும், ஒவ்வொரு அடியும் புதுத் தசையை நசுக்கிக்கொண்டே இருக்கும். எடை படாமல் வைப்பதுதான் முதல் மருந்து.

சீழ், துர்நாற்றம், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, விரல் கறுப்பது, கால் திடீரென்று சில்லிட்டு வெளுப்பது, காய்ச்சல், குளிர் நடுக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, இரவானாலும், அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழையுங்கள். கையில் மாத்திரைச் சீட்டையும் கடைசியாகப் பார்த்த சுகர் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் அந்தக் காலை ஊன்றாதீர்கள்.