இங்கிலீஷ் சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி: கடலூர் பஸ்ஸில் பழகியது

கடலூரிலிருந்து பாண்டிக்குப் போய்வரும் பஸ்ஸில்தான் நான் இங்கிலீஷ் சொற்களைப் படித்தேன். முதலில் எல்லோரையும் போல லத்தீன், கிரேக்க வேர்ச்சொல் பட்டியல் ஒன்றை டவுன்லோடு செய்து தினம் இருபது என்று மனப்பாடம் பண்ணினேன். கன்னியக்கோயிலில் படித்தது அரியாங்குப்பம் வருவதற்குள் மறந்துவிடும். அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். ஏற்கெனவே வாயில் புழங்கும் சொல்லிலிருந்து ஆரம்பியுங்கள்.

பஸ்ஸில் ஏறும் செக்கிங் இன்ஸ்பெக்டரையே எடுத்துக்கொள்ளலாம். 'இன்' உள்ளே, 'ஸ்பெக்ட்' பார், கடைசியில் வரும் 'ஆர்' ஆளைக் குறிக்கும் விகுதி. பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் என்று பகுதி, விகுதி பிரித்தோமே, அதே வேலைதான். நமக்குப் 'பார்' என்பதிலிருந்து பார்வை, பார்வையாளர் வருவது போல அங்கே ஸ்பெக்டேட்டர் வருகிறது. ரெஸ்பெக்ட் என்றால் திரும்பிப் பார்ப்பது, சஸ்பெக்ட் என்றால் கீழ்க்கண்ணால் பார்ப்பது. இப்படி ஒன்றைப் பிடித்தால் ஒரு குடும்பமே கூட வரும்.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த இடத்தில். 'எக்ஸ்' என்றால் வெளியே. அதோடு ஸ்பெக்ட் சேர்ந்தால் எக்ஸ்பெக்ட், அதாவது வெளியே எட்டிப் பார்த்துக் காத்திருப்பது. இங்கிலீஷில் எழுதும்போது (expect) ஸ்பெக்ட்டின் முதல் எஸ் எங்கே? மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது 'ம்' எங்கே போனதோ அங்கேதான். 'இல்லை' என்று பொருள்படும் இன்னொரு 'இன்' உண்டு. அது இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் என்று பின்னால் வரும் எழுத்துக்குத் தக்கபடி உருமாறும். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகிறதல்லவா? புணர்ச்சி விதி நமக்குப் புதிதா என்ன!

சரி, நோட்டு. ஒரு வேருக்கு ஒரு பக்கம், வாரத்துக்கு மூன்று வேர் போதும். நடுவில் வேர், சுற்றிலும் நீங்கள் நிஜமாகவே எங்கேயாவது படித்த அல்லது கேட்ட சொற்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் பெரிய அகராதியில் சொல்லின் பிறப்பு போட்டிருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை புரட்டினால் தங்கிவிடும்.

சொல் பொறுக்க நம் பக்கமே போதும். நெய்வேலி லிக்னைட்டில் இருப்பது 'லிக்னம்', லத்தீனில் மரம். புதைந்த தாவரம் கரியானதுதானே அது. பாண்டி கடற்கரையில் இருக்கும் மேரி (நகராட்சி) கட்டடத்தின் பிரெஞ்சுப் பெயர் 'பெரிய' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, மேஜரும் மெஜாரிட்டியும் அதன் பங்காளிகள். செமினார் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது நாற்றங்கால், பாகூர் வயல்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்! 2011 டிசம்பரில் தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்டதே, அந்த 'சைக்ளோன்' என்ற பெயரை 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் வைத்தார். கிரேக்கத்தில் 'கிக்லோஸ்' வட்டம். சைக்கிளும் அதே வட்டம்தான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. எழுத்து ஒத்துப்போனால் உறவு என்று நினைத்துவிடாதீர்கள். பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருப்பது லத்தீன் கால். பீடியாட்ரிக்ஸில் இருப்பது கிரேக்கக் குழந்தை. ஆர்த்தோபீடிக்ஸ் போர்டைப் பார்த்து, எலும்பு டாக்டர்தானே, இதுவும் கால்தான் என்று நானே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தப்பு. குழந்தைகளின் உடல் கோணலை நேராக்குவது பற்றி எழுதிய நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741இல் உண்டாக்கிய சொல் அது: 'ஆர்த்தோ' நேர், மீதி குழந்தை. அதனால் பெடலுக்கு ஒரு பக்கம், பீடியாட்ரிக்ஸுக்குத் தனியாக ஒரு பக்கம் வையுங்கள். எலும்பு டாக்டர் இரண்டாவதில் வருவார்.