கச்சதீவைப் பற்றிக் கதைக்கையில் நாம் விடுகிற பிழைகள்

கச்சதீவு, பாக்கு நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கிடக்கிற சிறு தீவு; 1974 உடன்படிக்கைப்படி அது இலங்கையுடையது. தமிழ்நாட்டில் தேர்தல் கிட்ட வந்தால் கொழும்பிலும் கச்சதீவுப் பேச்சு சூடு பிடித்துவிடும். 2024 மார்ச் கடைசியில் இந்தியப் பிரதமர் மோடி அதைக் கிளப்பினார். 2025 ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் நடிகர் விஜய் தீவை மீட்டுத் தரச் சொன்னார். செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கச்சதீவுக்கே போய் வந்தார். வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும் அலுவலகங்களின் மதிய இடைவேளையிலும் சில நாட்களுக்கு இதே கதைதான். ஆனால் அந்தக் கதையில் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றால் கொழும்பில் இருக்கிற நமக்கு ஒன்றும் ஆகாது. வடக்கில் வலை போடுகிறவனுடைய நியாயம்தான் மறைந்து போகிறது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, தீவு யாருக்கு என்பதையும் மீன் யாருக்கு என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. கச்சதீவு சுமார் 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லை, குடியிருப்பும் இல்லை. ஒரு அந்தோனியார் தேவாலயம் உண்டு, வருடத்துக்கு ஒருமுறை திருவிழா உண்டு. 1974 இந்திய-இலங்கை உடன்படிக்கையின் கடல் எல்லைக்கோடு தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிப் போகிறது. நாளைக்கே தீவு இந்தியாவுக்குப் போனாலும், கோடு நெடுந்தீவுப் பக்கம் சில கிலோமீற்றர்தான் நகரும். தமிழ்நாட்டு இழுவைப் படகுகளோ (றோலர்கள்) பருத்தித்துறை, முல்லைத்தீவுக் கடல் வரைக்கும் வருகின்றன. கோட்டை எங்கே கீறினாலும் அந்தப் பயணம் சட்டத்துக்கு உட்பட்டதாகாது. தீவு கிடைத்தால் மீனவர் பிரச்சினை தீரும் என்று அங்கே சொல்கிறார்கள். தீவு நம்முடையது, ஆகவே பிரச்சினை முடிந்தது என்று இங்கே சொல்கிறார்கள். இரண்டும் வரைபடத்தைப் பார்க்காமல் சொல்வது.

அடுத்தது, கதையை 1974இல் தொடங்குவது. 1921 ஒக்டோபரிலேயே சென்னை மாகாணமும் இலங்கையும் கொழும்பில் கூடி மீன்பிடி எல்லை பற்றிப் பேசின. அன்று வரைந்த கோட்டிலும் கச்சதீவு இலங்கைப் பக்கம்தான் விழுந்தது. இராமநாதபுரம் ஜமீனின் உரிமையைக் காட்டி இந்தியத் தரப்பு அதை ஏற்கவில்லை. ஆகவே 'இந்திரா காந்தி சிறிமாவுக்குக் கொடுத்த பரிசு' என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் ஐம்பது வருட வழக்கை விழுங்கிவிடுகிறார்கள்.

1974ஐயும் 1976ஐயும் ஒன்றாக்குவதும் இதே வகைதான். முதல் உடன்படிக்கையில், இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் கச்சதீவுக்கு வரலாம் என்று இருக்கிறது. மீன் பிடிக்கலாம் என்று அந்த வரியில் இல்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோடு கீறியபோது பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் பிடிக்கக் கூடாது என்றன. இலங்கை அப்போது இழந்ததை நாமே மறந்துவிட்டோம். கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பாங்க் மீன்வளம் மிகுந்த இடம். நம்முடைய கப்பல்களும் போய்ப் பிடித்துவந்தன. 1976இல் அது இந்தியாவின் பொருளாதார வலயமாக ஏற்கப்பட்டது. நமக்குக் கிடைத்தது 6 கப்பல், ஆண்டுக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல், 3 வருட அவகாசம். கச்சதீவைப் பற்றி மட்டும் பேசினால் இந்தப் பக்கம் தெரியாமலே போய்விடும்.

இனி நட்டக் கணக்குக்கு வருவோம். கைதானவர் எத்தனை, பிடிபட்ட படகு எத்தனை என்பதையே பொருளாதாரப் பாதிப்பாக எண்ணுகிறோம். 20 வருடங்களில் 6,184 இந்திய மீனவர் பிடிபட்டார்கள், 1,175 படகுகள் கைப்பற்றப்பட்டன என்று இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் 2024 ஏப்ரலில் சொன்னார். அந்த எண்ணிக்கை செய்தியில் வரும். செய்தியில் வராத கணக்கு வேறு.

நெடுந்தீவுப் பக்கத்தில் ஒருவர் பின்னேரம் சிறிய பைபர் படகில் போய் வலையைப் பாய்ச்சிவிட்டு வருகிறார் என்று வையுங்கள். இரவில் றோலர் அந்த இடத்தால் மடியை, அதாவது கடலடியை வாருகிற இழுவை வலையை, இழுத்துக்கொண்டு போகிறது. விடியப் போனால் மிதவை ஒரு பக்கம், அறுந்த துண்டு ஒரு பக்கம். வலை மட்டுமா போனது? புது வலைக்கு மீன் முதலாளியிடம் முற்பணம் வாங்குவார். அதற்குப் பிறகு பிடிக்கிற நண்டையும் மீனையும் முதலாளி சொல்கிற விலைக்கே கொடுக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. காசு கொடுத்து எண்ணெய் அடித்துப் போய் வெறுங்கையோடு திரும்புவதைவிடக் கரையில் இருப்பது மேல் என்று பலர் றோலர் வரும் நாட்களில் கடலுக்கே இறங்குவதில்லை. தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள். அப்படியென்றால் இங்கே வாரத்தில் ஏறத்தாழ பாதி உழைப்புப் போகிறது. போகாத நாளுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. போர்க்காலத்தில் பாஸும் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) தடையுமாகக் கடலை இழந்தவர்கள், 2009க்குப் பிறகு திரும்பிப் போனபோது கண்ட கடல் இதுதான். மடி கடலடியைச் சுரண்டிக் குஞ்சையும் முட்டையையும் சேர்த்து அள்ளுவதால் நாளைக்குக் கிடைக்க வேண்டியதும் குறைகிறது.

இதைத் தமிழருக்கும் சிங்களக் கடற்படைக்கும் இடையிலான சண்டையாக மட்டும் காட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பிழை. தமிழ்நாட்டு மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டது உண்மை, அதை யாரும் மூடி மறைக்கக் கூடாது. 2024இலும் ஜூனில் ஒரு கடற்படை வீரரும் ஆகஸ்டில் ராமேஸ்வரம் மீனவர் ஒருவரும் கடலிலேயே உயிரிழந்தார்கள். ஆனால் அதே வருடம் மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தவர்கள் தமிழ்க் கடற்றொழிலாளர்கள். வலை இழந்தவரும் தமிழர், மடி இழுத்தவரும் தமிழர். அந்தப் பக்கத்திலும் படகில் பிடிபடுவது பெரும்பாலும் கூலிக்குப் போனவர். படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கரையில் இருப்பார். விசைப்படகு கரையோரக் கடலில் இழுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். ராமேஸ்வரத்திலோ அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் சர்வதேச எல்லை. இவ்வளவு றோலர்களுக்கு அந்த இடைவெளி போதாது. 2017இல் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் இந்தியாவில் வந்தது. படகு ஒன்றுக்கு 80 இலட்சம் இந்திய ரூபாய், அதில் 70 வீதம் மானியம். நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது தீவை அல்ல, அந்தத் திட்டம் எங்கே நிற்கிறது என்பதைத்தான்.

அத்துமீறுவது இந்தியர் மட்டும் என்று நினைப்பது கடைசிப் பிழை. நாட்கணக்கில் கடலில் தங்கிப் பிடிக்கிற நம்முடைய பலநாள் படகுகளும் பிறநாட்டுக் கடல்களில் பிடிபடுகின்றன. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை இலங்கை மீனை வாங்கவில்லை. அந்த அடி நீர்கொழும்பு, கொழும்பு ஏற்றுமதியாளர் வரைக்கும் விழுந்தது. இழுவை மடியை 2017இல் நாமே சட்டம் போட்டுத் தடை செய்தோம். 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப் பணத்தை 17.5 கோடி ரூபாய் வரை உயர்த்தினோம். ஆனால் யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் மன்னார்ப் பேசாலையிலும் உள்ளூர் றோலர் பிரச்சினை அதோடு ஓயவில்லை. சிறு வலைக்காரர்கள் நம் அதிகாரிகளிடம் அதையும் சேர்த்தே முறையிடுகிறார்கள், இந்தியாவோடு பேச உட்காரும்போது எதிர்ப்பக்கத்தார் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான்.